பாலாற்றுப் பாலங்களும் மேலிருந்து இறங்கும் நீரும்

காஞ்சிபுரம் வட்டாரத்துப் பாலாற்றுப் பாலங்களுக்கு ஆற்று வெள்ளம் எப்போதோ வரும் ஆபத்து. மேல்தளத்தில் தேங்கும் மழைநீரோ ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் கான்கிரீட்டுக்குள் இறங்குகிறது. வந்தவாசி சாலையில் உள்ள செவிலிமேடு பாலமானாலும், செங்கல்பட்டுக்கும் மாமண்டூருக்கும் இடையே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையைத் தாங்கும் பாலங்களானாலும் இதற்கு விலக்கில்லை.

கான்கிரீட் முழுக்க நுண்துளைகள். அதன் கடுமையான காரத்தன்மை (பி.ஹெச். அளவு 12-க்கு மேல்) உள்ளிருக்கும் கம்பியின்மீது மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு ஈரத்தோடு உள்ளே புகப் புக அந்த அளவு குறைகிறது. ஏறத்தாழ 9-க்குக் கீழே போனால் படலம் அழிந்து கம்பி துருப்பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் வேண்டும். அந்த நெருக்கலில் கான்கிரீட் விரிசல் கண்டு, அடிப்பக்கம் பெயர்ந்து விழுகிறது. பாம்பன் போன்ற கடலோரங்களில் உப்பும் சேர்வதால் கேடு விரைவாகும். 1953 முதல் இயங்கும் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், கம்பிகளைத் துருவிலிருந்து காக்கும் சிமென்ட் கலந்த பூச்சுகளை உருவாக்கியதற்கு இத்தகைய சேதமே காரணம்.

நீர் புகும் வாசல்கள் இரண்டு. ஒன்று, மண் அடைத்த வடிகால் குழாய். மற்றொன்று, வெயிலில் தளம் நீள இடம்விடும் விரிவிணைப்பு. அதன் ரப்பர் கிழிந்தால் நீர் நேராகத் தூணுக்கும் தளத்துக்கும் இடையிலுள்ள தாங்கிகளின்மேல் ஒழுகும். 2022-ன் தொடக்கத்தில் மாமண்டூர் அருகே இணைப்புகளைச் சீரமைக்கப் போக்குவரத்தைத் திருப்பிவிட வேண்டியிருந்தது.

முறையான பழுதுபார்ப்பு பழைய தாரைச் சுரண்டி எடுப்பதில் தொடங்கும். பிறகு சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். வெற்றோசை எழும் இடத்தில் கான்கிரீட் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. அதைக் கொத்தி, கம்பியைத் துருப்போகத் தேய்த்து, பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த சாந்தால் நிரப்புவார்கள். மெல்லிய விரிசலுக்குள் எபாக்சி என்னும் பிசின் செலுத்தப்படும். சீரான தளத்தின்மேல் நீர்புகாப் படலமோ மாஸ்டிக் அஸ்பால்ட் என்னும் தார்க்கலவையோ வரும். அதற்கு முன் தளம் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தின்மேல் சூடான மாஸ்டிக் விழுந்தால் நீராவி கொப்புளம் கட்டும். ஆகவே காஞ்சிபுரத்தில் மழை ஓய்ந்த பிப்ரவரி முதல் மே வரையே இந்த வேலைக்கு ஏற்ற காலம்.

நடைமுறையில் எளிதாக நடப்பது பழைய தாரின்மேல் புதுத் தார் போடுவதுதான். பள்ளம் மறைகிறது, பாலத்தின் சுமை கூடுகிறது, வடிகால் வாய் மூடுகிறது, உள்ளே சிக்கிய ஈரம் அங்கேயே தங்குகிறது. இதைப் பழுதுபார்ப்பு என்று சொல்ல முடியாது. குழாய் அடைப்பையும் இணைப்பில் முளைத்த அரசங்கன்றையும் செப்டம்பருக்குள் அகற்ற ஒரு கடப்பாரையும் இரண்டு ஆட்களும் போதும். நெடுஞ்சாலைத் துறை ஆண்டுதோறும் தவறாமல் செய்யவேண்டிய முதல் வேலை அது.