மூத்த வயதில் மிதிவண்டி: துணையோடு செல்லும் இன்பம்

“அப்பா இந்த வயதிலும் சைக்கிளில் போகிறார். நீங்களாவது வேண்டாம் என்று சொல்லுங்கள், டாக்டர்.”

புறநோயாளர் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கும் வேண்டுகோள் இது. அதைச் சொல்பவர் மகனாகவோ மகளாகவோ இருப்பார். அருகில் அமர்ந்திருக்கும் தந்தை ஒன்றும் பேசாமல் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பிள்ளைகளின் அச்சம் பொருளற்றதன்று. முதிய வயதில் ஒருமுறை விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். அதன்பின் எழுந்து நடமாடப் பல மாதங்கள் ஆகலாம். ஆனால் சைக்கிளைப் பறித்துவிட்டால் தந்தை இழப்பது வண்டியை மட்டுமன்று. காலையில் தேநீர்க் கடையில் காத்திருக்கும் நண்பர்கள், நூலகத்து நாளிதழ், எவரையும் எதிர்பாராமல் சந்தைக்குச் சென்றுவரும் நிறைவு ஆகிய அனைத்தும் அதனோடு போய்விடும்.

எனவே “ஓட்டலாமா, கூடாதா” என்பதற்கு நாங்கள் ஒரே சொல்லில் விடையளிப்பதில்லை. எந்த வண்டியில், எந்த நேரத்தில், எந்தப் பாதையில், யாருடன் ஓட்டுகிறார் என்பதையே முதலில் கேட்கிறோம்.

மறவாத திறன்

இன்று அறுபதையும் எழுபதையும் கடந்தவர்களில் பலர் மணிக்கணக்கு வாடகைக்கு வண்டி எடுத்து, குறுக்குக் கம்பிக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்கள். பெண்களுக்கும் இதில் ஒரு வரலாறு உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியையும் சேர்த்துக் கற்றனர். அன்று முப்பது வயதில் ஓட்டத் தொடங்கியவர்களுக்கு இன்று அறுபது வயதுக்கு மேல் ஆகிறது.

ஒருமுறை கற்ற இத்திறனை மூளை எளிதில் மறப்பதில்லை. மாறுவது வேறு: உடல் சாயும்போது சமன்செய்யும் வேகம், பின்னால் வரும் ஊர்தியைத் திரும்பிப் பார்க்கக் கழுத்து வளையும் அளவு, மங்கிய ஒளியில் குழியைக் காணும் கண்ணின் கூர்மை. இம்மூன்றும் வயதோடு குறைகின்றன. பல ஆண்டுகள் ஓட்டாமல் இருந்தவர், “எனக்குத் தெரியாததா” என்று முதல் நாளே கடைத்தெருவுக்குச் செல்லாமல், திடல் ஒன்றில் ஓரிரு வாரங்கள் பழகிக்கொள்வது நல்லது.

உடலுக்குக் கிடைப்பது

அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களும் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நாளொன்றுக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் மிதித்தால் 150 நிமிடங்கள் நிறைவேறிவிடும். இதயத்திற்கும் இரத்தச் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் அது நன்மை தரும்.

முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு இதில் தனிப் பயன் உண்டு. நடக்கும்போது மூட்டின்மீது உடல் எடையின் இரு மடங்குக்கும் அதிகமான விசை விழுகிறது. மிதிவண்டியில் எடையின் பெரும்பகுதியை இருக்கை தாங்கிக்கொள்வதால் மூட்டின் சுமை வெகுவாகக் குறைகிறது. அதே வேளையில் தொடைத் தசைகள் வலுப்பெறுகின்றன. நடக்க வலிக்கிறது என்று வீட்டில் முடங்கியவர்கள் பலரால் வலியின்றி மிதிக்க முடிகிறது.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். எடையை இருக்கை தாங்குவதாலேயே எலும்புகளுக்கு இப்பயிற்சி பெரிதாக உதவாது. எலும்புப்புரை உள்ளவர்கள் நடைப்பயிற்சியையும் தசைப் பயிற்சியையும் விட்டுவிடக் கூடாது.

துணையே அளவுகோல்

“எவ்வளவு வேகமாக ஓட்டலாம்?” என்று கேட்பவர்களுக்கு நாங்கள் கூறும் விடை எளிது: உடன் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. இதுவே மிதமான உழைப்பின் அடையாளம். முழு வாக்கியம் பேசுவதற்குள் மூச்சு வாங்கினால் வேகம் மிகுதி. இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை உண்பவர்களுக்கு நாடித் துடிப்பு சரியான அளவுகோல் ஆகாது. அவர்களுக்கும் இப்பேச்சுச் சோதனை பொருந்தும்.

தனியே செல்பவருக்கு இச்சோதனை வாய்ப்பதில்லை. துணையோடு செல்பவருக்கோ அது சோதனையாகவே தோன்றுவதில்லை. பேரப்பிள்ளையின் பள்ளிக் கதையும், பழைய அலுவலகத்து நினைவுகளும் பேசி முடிப்பதற்குள் பயிற்சி முடிந்துவிடுகிறது. ஒருவர் காத்திருக்கிறார் என்பதனால்தான் பலர் மழைக்காலச் சோம்பலையும் மீறிக் காலையில் எழுகிறார்கள். வாழ்க்கைத் துணையை இழந்தவர்களுக்கு, நாளின் முதல் உரையாடல் அந்த நண்பரோடு நிகழ்வதாகவும் இருக்கலாம். மருந்துச் சீட்டில் நாங்கள் எழுத இயலாத மருந்து அது.

துணைக்கு வேறொரு பயனும் உண்டு. சர்க்கரை தாழ்ந்து பேச்சுக் குழறுவதையும் முகம் வெளுப்பதையும் தம்மைவிட முன்னதாக நண்பரே கவனித்துவிடுவார். போக்குவரத்துள்ள சாலையில் மட்டும் அருகருகே செல்லாமல் ஒருவர்பின் ஒருவராகச் செல்லுங்கள். பேச்சைத் திடலிலும் தேநீர் நேரத்திலும் வைத்துக்கொள்ளலாம். குழுவில் மெதுவாக ஓட்டுபவரின் வேகமே அனைவரின் வேகமாக இருக்கட்டும்.

வண்டியும் உடையும்

முதியோர் வண்டியில் ஏறும்போதும் இறங்கும்போதும்தான் பலமுறை விழுகின்றனர். காலைப் பின்னால் வீசி ஏற வேண்டிய உயரமான வண்டியைவிடக் குறுக்குக் கம்பி இல்லாத வண்டியே பாதுகாப்பானது. “அது பெண்கள் சைக்கிள் ஆயிற்றே” என்று தயங்க வேண்டாம். அரசுப் பள்ளியில் பேத்திக்கு வழங்கப்பட்ட விலையில்லா மிதிவண்டி வீட்டில் ஓய்வாக நின்றால் அதுவே தாத்தாவுக்கும் ஏற்றது.

கீழே வந்த மிதிகட்டையில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும்; அதுவே இருக்கையின் சரியான உயரம். மிகத் தாழ்ந்த இருக்கை முழங்கால் வலியைக் கூட்டும். நிறுத்தும்போது கால் தரையை எட்டவில்லை என்று அஞ்சுபவர்கள், தொடக்கத்தில் மட்டும் சற்றுத் தாழ்த்திக்கொள்ளலாம். வேட்டியும் புடவையும் சிக்காதபடி செயின் கவர் இருக்க வேண்டும். பின்னால் வருவதைக் காணக் கைப்பிடியில் கண்ணாடி, காலில் பட்டையுள்ள செருப்பு அல்லது காலணி, தலைக்கவசம் ஆகியவை தேவை. கோடையில் வெயில் ஏறும் முன்னரே திரும்பிவிடுங்கள்.

முதலில் எங்களிடம் கேட்க வேண்டியவர்கள்

• அண்மையில் மாரடைப்பு, இதய அறுவை சிகிச்சை அல்லது மூட்டு மாற்று அறுவை சிகிச்சை ஆனவர்கள்.

• இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உண்பவர்கள். சிறு அடியும் இவர்களுக்குத் தலைக்குள் இரத்தக் கசிவை உண்டாக்கலாம். தலையில் அடிபட்டால் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் உடனே வர வேண்டும்.

• இன்சுலின் அல்லது சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை பயன்படுத்துபவர்கள். பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ இருக்கட்டும். பயிற்சி முடிந்து சில மணி நேரம் கழித்தும் சர்க்கரை தாழக்கூடும்.

• எழுந்து நின்றால் தலைசுற்றுபவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், பார்வை மங்கியவர்கள்.

நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே இறங்கி உட்காருங்கள். உடனிருப்பவர் 108ஐ அழைக்கட்டும். “சற்று நேரத்தில் சரியாகிவிடும்” என்று வீடுவரை மிதித்துச் செல்ல வேண்டாம்.

ஓட்ட இயலாத காலத்தில்

பழகிய தெருவில் வழி தவறத் தொடங்கியவர், அடிக்கடி விழுபவர், சாலையில் தனியே ஓட்டுவதை நிறுத்தவே வேண்டும். அதை வண்டியை மறைத்துவைத்து உணர்த்தாமல், அவரோடு அமர்ந்து பேசி முடிவெடுங்கள். வேண்டுமெனில் எங்களிடம் அழைத்து வாருங்கள். கடினமான அச்சொல்லை நாங்கள் சொல்கிறோம்.

நிறுத்தியபின்னும் வழிகள் உண்டு. எங்கள் இயன்முறை சிகிச்சையாளர்கள் பயன்படுத்தும் நிலைமிதிவண்டியில் விழும் அச்சமின்றி மிதிக்கலாம். டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் 2012இல் ஒரு தன்னார்வ முயற்சி தோன்றியது: முதியோர் இல்லத்தில் இருப்பவர்களை மூன்று சக்கர மிதிவண்டியின் முன்னிருக்கையில் அமர்த்தி, இளையவர்கள் மிதித்து ஊரைச் சுற்றிக் காட்டினர். இன்று அது பல நாடுகளில் பரவியுள்ளது. மிதிப்பவர் மாறினாலும் முகத்தில் படும் காற்றும், வழியில் பேசும் பேச்சும் மாறுவதில்லை.

பிள்ளைகளுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே. “போகாதீர்கள்” என்று சொல்லும் முன், வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரோடு ஒருமுறை நீங்களும் சென்று பாருங்கள். அவர் எப்படி ஏறுகிறார், திருப்பத்தில் தடுமாறுகிறாரா, எங்கே மூச்சு வாங்குகிறது என்பனவற்றைக் கவனியுங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது அவற்றை எங்களிடம் கூறினால், அச்சத்தை வைத்து அன்றி, கண்டதை வைத்து நாம் சேர்ந்து முடிவு செய்யலாம்.