ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் மறந்துபோகும் கம்ப்யூட்டர்: பனியன் கம்பெனிகள் கவனிக்க வேண்டிய 'ரைட் ஃபில்டர்'

ராத்திரி பத்து மணி. கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும். பேக்கிங் செக்‌ஷனில் லேபிள் பிரின்டர் மட்டும் அசையவில்லை. "மத்தியானம்தானுங்க டிரைவர் எல்லாம் ஏத்திக் குடுத்துட்டுப் போனாங்க" என்கிறார் சூப்பர்வைசர். ஏற்றியது உண்மைதான். ஆனால் இடையில் ஒருமுறை கரன்ட் போய் வந்தது. மத்தியானம் நடந்த எதுவும் இப்போது அந்தக் கம்ப்யூட்டருக்கு ஞாபகம் இல்லை.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் 'தின் கிளையன்ட்' வைத்திருக்கும் எந்த பனியன் கம்பெனியிலும் நடக்கக்கூடியது. இதற்குக் காரணம் பழுது இல்லை. யாரோ ஒருவர் வேண்டுமென்றே போட்டு வைத்த பூட்டு.

தின் கிளையன்ட் என்பது மானிட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பெட்டி. கணக்கு, ஆர்டர், ஸ்டாக் எல்லாம் சர்வரில் இருக்கும். இந்தப் பெட்டி அதைப் பார்க்க ஒரு ஜன்னல். பல மாடல்களில் ஃபேன்கூட கிடையாது. கட்டிங், தையல் பக்கம் பஞ்சு பறக்கும் இடத்தில் அது பெரிய வசதி. உள்ளே ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் ஒரு சின்ன ஃபிளாஷ் மெமரி இருக்கும். அதில் எழுதி எழுதி அழித்தால் ஆயுள் குறையும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் ஃபைல்கள் கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு.

அதற்காக வந்ததுதான் ரைட் ஃபில்டர். விண்டோஸில் இதன் இப்போதைய பெயர் 'யூனிஃபைடு ரைட் ஃபில்டர்'. என்டர்பிரைஸ், எஜுகேஷன், ஐஓடி என்டர்பிரைஸ் பதிப்புகளில் இருக்கும். ஹோம், புரோவில் கிடையாது. இதை ஆன் செய்துவிட்டால் டிஸ்க்கில் எழுத வேண்டியதெல்லாம் 'ஓவர்லே' என்ற தற்காலிக இடத்துக்குப் போய்விடும். வழக்கமாக அது ராம் மெமரியில் இருக்கும். ரீஸ்டார்ட் செய்தால் ஓவர்லே காலி, பெட்டி பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டரில் டெஸ்க்டாப்பில் சேவ் பண்ணிய ஃபைல் மறுநாள் காணாமல் போனது ஞாபகம் இருக்கிறதா? 'டீப் ஃப்ரீஸ்' போன்ற சாஃப்ட்வேர்கள் செய்ததும் கிட்டத்தட்ட இதே வேலைதான்.

டிரைவர் போனால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். எண்ணிக்கை போனால்?

பீஸ் ரேட்டில் தைக்கும் டெய்லர்களுக்கு பண்டில் ஸ்கேன்தான் சம்பளம். நெட்வொர்க் கொஞ்ச நேரம் அறுந்தால் ஸ்கேன்களைப் பெட்டியிலேயே சேர்த்து வைத்து, பிறகு சர்வருக்கு அனுப்பும் சாஃப்ட்வேர்கள் உண்டு. ரைட் ஃபில்டர் ஆனில் இருந்தால் அந்தச் சேமிப்பும் ஓவர்லேயில்தான். ஜெனரேட்டர் எடுப்பதற்குள் பெட்டி அணைந்தால், அந்த ஒரு மணி நேர உழைப்பு சனிக்கிழமை கணக்கில் வராது. டெய்லர் "தைச்சேன்" என்பார். சிஸ்டம் "இல்லை" என்கும். யாரை நம்புவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

தீர்வு சிக்கலானது இல்லை. அந்த சாஃப்ட்வேர் எந்த ஃபோல்டரில் எழுதுகிறது என்று விற்றவரிடமே கேட்டு, அதை 'எக்ஸ்க்ளூஷன்' பட்டியலில் சேர்க்க வேண்டும். அந்த ஃபோல்டருக்கு மட்டும் பூட்டு இல்லை. எழுதுவது நேராக டிஸ்க்குக்குப் போகும். ஒரு ரீஸ்டார்ட்டுக்குப் பிறகே இது அமலுக்கு வரும். சேர்த்த பிறகு ஒரு டம்மி பண்டிலை ஸ்கேன் செய்து, பிளக்கைப் பிடுங்கிப் பார்ப்பது நல்லது. மீட்டிங்கில் உட்கார்ந்து பேசுவதைவிட இந்தச் சோதனை நிச்சயம்.

பிரின்டர் டிரைவருக்கு இந்த வழி உதவாது. அது ரெஜிஸ்ட்ரி, சிஸ்டம் ஃபோல்டர் என்று பல இடங்களில் எழுதும். அதற்கு ஃபில்டரை ஆஃப் செய்து ரீஸ்டார்ட், பிறகு டிரைவர், ஒரு லேபிள் அடித்துச் சோதனை, மறுபடி ஃபில்டர் ஆன், இன்னொரு ரீஸ்டார்ட். அவசரத்தில் வரும் சர்வீஸ் ஆள் விட்டுவிடுவது பெரும்பாலும் முதல் படியை. கடைசிப் படியை விட்டாலும் ஆபத்துதான். பெட்டி பூட்டில்லாமல் மாதக்கணக்கில் ஓடும், யாருக்கும் தெரியாது.

இன்னொரு தொல்லை விசித்திரமானது. நன்றாக ஓடிய பெட்டி ஒருநாள் திடீரென்று சர்வருக்குள் நுழைய முடியாமல் நிற்கும். டொமைனில் சேர்ந்த விண்டோஸ் கம்ப்யூட்டர் தன் ரகசிய பாஸ்வேர்டை வழக்கமாக 30 நாளுக்கு ஒருமுறை தானே மாற்றிக்கொள்ளும். புது பாஸ்வேர்ட் சர்வரில் பதிவாகிவிடும். பெட்டியோ ரீஸ்டார்ட்டில் பழையதுக்குத் திரும்பிவிடும். இந்த ரகசியச் சாவியை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளவும் ஃபில்டரில் தனி செட்டிங் இருக்கிறது.

ஓவர்லேயின் அளவும் முக்கியம். விண்டோஸ் தரும் ஆரம்ப அளவு 1024 எம்பி. 512 எம்பி தாண்டினால் எச்சரிக்கை வரும். நாள் கணக்கில் அணைக்காமல் ஓட்டினால் அது நிரம்பி, பெட்டி திணற ஆரம்பிக்கும். ஷிப்ட் முடிந்ததும் ஒரு ரீஸ்டார்ட் போட்டால் இந்தப் பிரச்சினை வராது.

'பூட்டு இருக்கே, வைரஸ் வராது' என்பது பாதி உண்மை. ரீஸ்டார்ட்டில் வைரஸ் போய்விடும். ஆனால் ஓட்டை அப்படியே இருக்கும். நெட்வொர்க்கில் இன்னொரு கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தால் உடனே திரும்ப வரும். 2017 மே 12-ல் பரவிய வான்னாக்ரை நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே அப்டேட் கொடுத்திருந்தது. அப்டேட் போடாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டின. ரைட் ஃபில்டர் உள்ள பெட்டி, போட்ட அப்டேட்டையும் மறந்துவிடும். அதற்கு 'சர்வீசிங் மோட்' என்று ஒன்று இருக்கிறது. ஃபில்டரை ஒதுக்கி வைத்து, அப்டேட் ஏற்றி, தானே மறுபடி பூட்டிக்கொள்ளும். பனியன் கம்பெனிக்கு ஞாயிற்றுக்கிழமை இதற்குத் தோதான நாள்.