ஆயில் சம்ப்பும் சிலிகான் பசையும்

எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டிதான் ஆயில் சம்ப். பழுது பார்க்க அதைக் கழற்றினால், மறுபடி பூட்டும்போது எண்ணெய் கசியாமல் இருக்கப் புது பேக்கிங்கோ பசையோ வேண்டும்.

அம்பாசடர் போன்ற பழைய கார்களின் சம்ப்புக்கு கார்க் பேக்கிங். பேக்கிங் உள்ள வண்டியில் அதன் மேல் முழுக்கப் பசை தடவினால் பேக்கிங் வழுக்கி விலகும். இரண்டு பாகங்கள் சந்திக்கும் மூலைகளில் ஒரு சொட்டு போதும். இன்றைய எஞ்சின்கள் பலவற்றில் பேக்கிங்கே கிடையாது, ஆர்.டி.வி. எனப்படும் சிலிகான் பசைதான் அந்த வேலையைச் செய்கிறது. சென்னையின் அனபாண்ட் நிறுவனம் உட்படப் பலர் இதைத் தயாரிக்கிறார்கள். இறுகும்போது வினிகர் நெடி வீசும் சாதாரண சிலிகான் உலோகத்தை அரிக்கும். ஆக்சிஜன் சென்சாரையும் கெடுக்கக்கூடும். சென்சாருக்குப் பாதுகாப்பானது, எண்ணெய் தாங்குவது என்று டியூபில் குறித்திருப்பதையே வாங்க வேண்டும். காற்றுப்படாத இடத்தில் இறுகும் அனேரோபிக் பசை, கடைந்து சமமாக்கிய கெட்டி உலோக முகங்களுக்கே ஏற்றது. நெளியும் தகர சம்ப்புக்கு ஆகாது.

கசிவுக்குப் பெரும்பாலும் காரணம் பசையல்ல, அழுக்கு. பழைய பசையை பிளாஸ்டிக் சுரண்டியால் எடுக்க வேண்டும். அலுமினியத்தில் இரும்பு பட்டால் கீறல் விழும். உப்புத்தாள் தேய்த்தால் துகள் எஞ்சினுக்குள் போய் பேரிங்கைத் தின்னும். பிறகு பிரேக் கிளீனரால் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து உலரவிட வேண்டும். தகர சம்ப்பில் போல்ட் துளையைச் சுற்றி உப்பியிருந்தால் தட்டிச் சமமாக்க வேண்டும்.

பசையைச் சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனில், அறுபடாத ஒரே இழையாக, போல்ட் துளைகளுக்கு உட்புறமாக இட வேண்டும். அளவு மிஞ்சினால் உள்ளே பிதுங்கும் பசை உடைந்து விழுந்து, எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். எண்ணெய் ஏறாத எஞ்சின் சில நிமிடங்களில் பாழாகும்.

சிலிகான் காற்றின் ஈரத்தை வாங்கி இறுகுவது. ஆகவே வெக்கையும் ஆற்றோர ஈரப்பதமும் சேரும் இடத்தில், அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில், மேலே ஏடு விரைவில் படிந்துவிடும். ஏடு படியுமுன், டியூபில் சொன்ன சில நிமிடங்களுக்குள், சம்ப்பை நேராகத் தூக்கி வைத்துவிட வேண்டும். இடம் தவறினால் நகர்த்தாமல், துடைத்துவிட்டுப் புதிதாக இடுவதே சரி.

போல்ட்டுகளை முதலில் கையால் ஏற்றி, நடுவிலிருந்து ஓரங்களுக்கு மாறி மாறி இறுக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் அளவு போதும். சரியான அளவு வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். எண்ணெய் ஊற்றுமுன் டியூபில் குறித்த நேரம் பொறுக்க வேண்டும். முழுதாக இறுக வழக்கமாக 24 மணி நேரம் ஆகும். பிறகு எஞ்சினைச் சூடேறும்வரை ஓடவிட்டு, அடியில் ஒருமுறை துடைத்துப் பார்த்தால் கசிவு உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும்.