வைத்தியக் கடன்: வங்குரோத்துச் சட்டம் கைகொடுக்குமா?

மாவடிப்பள்ளியிலும் அதைச் சூழவுள்ள ஊர்களிலும் ஜனாஸாத் தொழுகைக்கு முன்னர் ஓர் அறிவிப்பைக் கேட்கலாம். மௌத்தானவருடன் யாருக்காவது கொடுக்கல் வாங்கல் இருந்தால் குடும்பத்தாருடன் தொடர்புகொள்ளுங்கள் என்பார்கள். கடன் மௌத்தோடு முடிவதில்லை என்று நம்பும் ஊர் இது. இங்கே ‘என்னால் கட்ட முடியாது’ என்று நீதிமன்றத்தில் போய்ச் சொல்லலாமா என்று கேட்பதே பலருக்கு வெட்கம். ஆனால் நோயால் கடன்பட்ட குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விடயம் அது.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்தானே, பிறகு எங்கிருந்து கடன் வருகிறது? வெளியே எடுக்கச் சொல்லும் ஸ்கேன், மருந்தகத்தில் வாங்கச் சொல்லும் மருந்து, காத்திருப்புப் பட்டியலுக்குப் பயந்து தனியார் வைத்தியசாலையில் செய்யும் சத்திரசிகிச்சை, கொழும்புக்குப் போய்வரும் வான் கூலி, உழைப்பவர் படுத்துவிட்டதால் நின்றுபோன வருமானம். 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது இந்தச் செலவு இன்னும் கூடியது.

அமெரிக்காவில் இத்தகைய கடனுக்கு வங்குரோத்து ஒரு வழக்கமான வழி. அங்கே வைத்தியசாலையின் பில் ஈடில்லாத கடன். வங்குரோத்துச் சட்டத்தின் ஏழாம் அத்தியாயத்தின் கீழ் தகுதி பெற்றவருக்குச் சில மாதங்களில் அது தள்ளுபடியாகலாம். நமது நிலைமை வேறு. தனியார் வைத்தியசாலை பெரும்பாலும் பணத்தை வாங்கிய பிறகே வீட்டுக்கு அனுப்பும். ஆகவே கடன்காரன் வைத்தியசாலை அல்ல. நகை அடகுக்காரர், நுண்நிதி நிறுவனம், வங்கி, கைமாற்றுக் கொடுத்த மச்சான். ஒவ்வொரு கடனுக்கும் சட்டம் ஒவ்வொரு விதமாக நடக்கும்.

1853ஆம் ஆண்டுச் சட்டம்

தனிநபர் வங்குரோத்துக்கு இலங்கையில் இருப்பது 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க, கடனிறுக்க வகையற்றோர் கட்டளைச் சட்டம். வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் நடக்கும். கடனாளியின் சொத்து ஒரு பொறுப்பாளரின் கைக்குப் போகும். அவர் அதை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிடுவார். பகிரங்க விசாரணைக்குப் பின் நீதிமன்றம் ஒரு சான்றிதழ் வழங்கும். அதில் மூன்று தரங்கள் உண்டு. தவிர்க்க முடியாத இழப்பாலும் துரதிர்ஷ்டத்தாலும் நொடித்தவருக்கு முதலாம் தரம். ஓரளவு தன் தவறும் சேர்ந்தவருக்கு இரண்டாம் தரம். தன் செயலாலேயே நொடித்தவருக்கு மூன்றாம் தரம். நோயால் நொடித்தவர் முதலாம் தரத்துக்கு வாதாடலாம்.

ஆனால் இந்தச் சட்டம் வியாபாரிகளின் காலத்துச் சட்டம். நடைமுறையில் அரிதாகவே பயன்படுகிறது. சட்டத்தரணிக் கட்டணம், விளம்பரச் செலவு, பகிரங்க விசாரணை என்பவற்றைத் தாங்கக்கூடியவர் பெரும்பாலும் அந்த நிலைக்கே வந்திருக்க மாட்டார். அயல்நாட்டிலும் பெரிய வித்தியாசமில்லை. இந்தியாவின் 2016 வங்குரோத்துச் சட்டத்தில் தனிநபருக்கான பகுதி, 2019 டிசம்பரில் கம்பனிக் கடனுக்குப் பிணை நின்றவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்தது.

எது தப்பும், எது தப்பாது?

வங்குரோத்து ஈடு வைத்த சொத்தைக் காப்பாற்றாது. அடகு வைத்த நகை அடகுதான். வீட்டை வங்கிக்கு ஈடு வைத்திருந்தால், 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய கடனுக்கு, நீதிமன்றம் போகாமலே ஏலம் விட வங்கிக்கு அதிகாரம் உண்டு. பிணையாளியும் தப்ப மாட்டார். குழுக்கடன் என்றால் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கதவைத்தான் தட்டுவார்கள்.

இந்தக் கரையோரத்துக்கே உரிய ஆபத்து ஒன்றும் உண்டு. இங்கே வீடு பெரும்பாலும் மகளின் பெயரில் சீதனமாக எழுதப்படுகிறது. முஸ்லிம் மனைவியின் சொத்து அவருடைய தனிச் சொத்து. கணவன் தனியாகப் பட்ட கடனுக்கு அந்த வீட்டில் கைவைக்க முடியாது. ஆனால் நுண்கடன் கொடுப்பவர்கள் தேடிவருவது பெண்களைத்தான். கணவனின் சத்திரசிகிச்சைக்கு மனைவி கையெழுத்திட்டால், அதுவரை பாதுகாப்பாக இருந்த வீடு வழக்குத் தீர்ப்பொன்றின் எல்லைக்குள் வந்துவிடுகிறது.

மறுபக்கம், ஈடில்லாத கடனைக் கட்டாததற்காக மட்டும் பொலிஸ் கைது செய்ய முடியாது. அது சிவில் விடயம். கடன்காரர் வழக்குப் போட்டுத் தீர்ப்புப் பெற வேண்டும். அப்போதும் உடுதுணி, படுக்கை, தொழிற்கருவி போன்றவற்றைச் சிவில் நடவடிக்கைமுறைக் கோவையின் 218ஆம் பிரிவு பாதுகாக்கிறது. காசில்லாத கணக்குக்குக் காசோலை எழுதினால் மட்டும் கதை வேறு, அது குற்றமாகலாம்.

கடன் படுவதற்கு முன்

சிகிச்சைக்கு முன்பே ஜனாதிபதி நிதியத்தில் விசாரியுங்கள். 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். காணியை ஈடாகவோ மீட்சி உறுதியாகவோ தனியாருக்கு எழுதியிருந்தால் கடன் இணக்க சபையை நாடலாம். கைமாற்றுப் பிணக்குக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது. வழக்குக் கடிதம் வந்தால் ஒளிந்திருக்காமல் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். வராதவருக்கு எதிராகத்தான் தீர்ப்பு சுலபமாக விழும்.

ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரில் கடனாளிகளும் அடங்குவர். ஊர்ப் பள்ளிவாசல்கள் ஸகாத் பட்டியல் தயாரிக்கும்போது அடுப்பெரியாத வீட்டைத் தேடுகின்றன. மருந்துச் சீட்டோடு தவணை அட்டையும் இருக்கும் வீட்டையும் தேடினால், ஜனாஸா அறிவிப்பு வரைக்கும் காத்திருக்க வேண்டியிராது.