கோடைக் காலத்தில் நம் ஊர்ப் பறவைகள்

திருவண்ணாமலையை வலம் வருவோர் மலையின் மேற்குப் பக்கத்தில் அடி அண்ணாமலையைக் கடந்து செல்வர். சித்திரை, வைகாசி மாதங்களில் அவ்வழியே நடப்பவருக்குக் காய்ந்த புல்லும், வெடித்த ஏரி மண்ணும், அனல் வீசும் பாறைகளுமே முதலில் கண்ணிற் படும். உயிரினங்கள் யாவும் ஒடுங்கிவிட்டன என்றே தோன்றும். ஆனால் விடியற்காலையில் வயல் வரப்பில் சிறிது நேரம் நின்று பார்ப்பவர், பறவைகளுக்கு இதுவே வேலை மிகுந்த காலம் என்பதை அறிவர்.

குளிர்காலத்தைத் தமிழ்நாட்டிற் கழித்த வாலாட்டியும், காலையும் மாலையும் தவறாது குரல் கொடுக்கும் ஆறுமணிக் குருவியும் இதற்குள் வடக்கே சென்றிருக்கும். இங்கேயே தங்கி வாழும் பறவைகளோ கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கத் தொடங்கியிருக்கும். குயில் இடைவிடாது கூவுவதும் அதனாலேயே. அது தனக்கென்று கூடு கட்டுவதில்லை. காக்கை கூடு கட்டும் பருவம் பார்த்து அதன் கூட்டில் முட்டையிடுகிறது.

இவற்றுள் விவசாயிகளாகிய நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஆட்காட்டி. இது மரத்தில் கூடு கட்டுவதில்லை. தரிசு நிலத்திலும் உழாத வயலிலும், சிறு கற்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் பெரும்பாலும் நான்கு முட்டைகளை இடும். மண்ணின் நிறமும் முட்டையின் நிறமும் ஒத்திருப்பதால், அருகில் நின்றாலும் எளிதிற் புலப்படா. வெயில் கடுமையாகும்போது தாய்ப்பறவை நீர் நிலைக்குச் சென்று, வயிற்று இறகுகளை நனைத்து வந்து முட்டைகளைக் குளிரச் செய்யும். அருகில் நீர் இல்லையேல் அது எவ்வளவு தொலைவு பறக்க வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பனங்காடை பட்டுப்போன மொட்டைப் பனையின் பொந்தில் குஞ்சு பொரிக்கிறது. வெட்டுக்கிளியும் வண்டும் அதன் உணவு. கரிக்குருவி எனப்படும் இரட்டைவால் குருவி, ஆடு மாடுகளின் பின்னே சென்று, அவற்றின் காலடியிலிருந்து எழும் பூச்சிகளைப் பிடிக்கிறது. தன் கூட்டை நெருங்கும் காக்கையையும் பருந்தையும் விரட்டியடிப்பதால், வேறு சிறு பறவைகளும் அதன் அருகே கூடு கட்டி நலம் பெறுகின்றன. கூகையை அபசகுனம் என்று கல்லெறிவோர் இன்றும் உளர். இரவெல்லாம் எலி பிடித்து நம் தானியத்தைக் காப்பது அப்பறவையே.

நெசவாளர் கண்டு மகிழத்தக்க பறவைகளும் உண்டு. தையற்சிட்டு இலைகளின் ஓரத்தில் துளையிட்டு, பஞ்சும் சிலந்தி நூலும் கொண்டு தைத்துக் கூடு அமைக்கிறது. தூக்கணாங்குருவி மழை தொடங்கியதும் புல்லையும் நெல் இலையையும் நாராகக் கிழித்து நெய்யும். ஆண்குருவி பாதி நெய்து நிறுத்த, பெண்குருவி வந்து பார்வையிடும்; அதற்கு மனம் ஒப்பினால்தான் மீதி வேலை நடக்கும். நெல் தின்னும் குருவி என்று இதனைச் சிலர் வெறுக்கின்றனர். ஆயினும் தன் குஞ்சுகளுக்கு அது பூச்சிகளையே பிடித்து ஊட்டுகிறது.

பறவைகளால் நட்டமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. மயில் நிலக்கடலையைக் கிளறுவதும், கிளி கதிரைக் கொய்வதும் உண்மையே. எனினும் மயிலைக் கொல்வது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். நஞ்சு கலந்த தானியம் வைத்தால் நன்மை செய்யும் பறவைகளும் உடன் மடியும். ஆதலின் காவல் வைத்து ஓட்டுவதே முறை.

நம் உறுப்பினர்கள் செய்யக்கூடியவை எளியனவே. நிழலில் ஓர் அகன்ற மண்சட்டியில் ஆழமின்றி நீர் வைத்து நாள்தோறும் மாற்றலாம். பட்ட பனையை உடனே வெட்டாமல் விட்டுவைக்கலாம். பயிர் வளரும்போது குறுக்குக் கட்டை பொருத்திய கழிகளை ஏக்கருக்குச் சுமார் 20 வீதம் நட்டால், கரிக்குருவி அவற்றில் அமர்ந்து புழுக்களைப் பிடிக்கும். தானியப் பயிராயின் பால் பிடிக்கும் தருணத்தில் அக்கழிகளை எடுத்துவிட வேண்டும். கோடை உழவின்போது ஆட்காட்டி கத்திக்கொண்டு தலைக்கு மேல் வட்டமிட்டால், டிராக்டரை நிறுத்தித் தரையைப் பாருங்கள். முட்டை இருக்குமிடத்தைச் சுற்றிச் சில அடி நிலத்தைச் சுமார் நான்கு வாரம் உழாமல் விட்டால் போதும். பொரித்த குஞ்சுகள் விரைவில் தாமே நடந்து சென்றுவிடும்.

செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் மக்கள் இதில் நமக்கு வழிகாட்டிகள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாவதைக் கண்டு, அவர்கள் பல தலைமுறைகளாக அவற்றைக் காத்து வந்தனர். 1936-இல் அவ்வேரி பறவைச் சரணாலயமாக அங்கீகாரம் பெற்றது. அங்கு ஒருவர் மட்டும் காத்திருந்தால் பயன் விளைந்திராது. ஊரே கூடிக் காத்தது.

நமக்கும் அதுவே பொருந்தும். ஒருவர் வயலில் தப்பிய முட்டை அடுத்தவர் வயலில் ஏர்முனையில் அழியலாம். ஒருவர் நீர் வைக்க, மற்றொருவர் நஞ்சு வைக்கலாம். ஆதலின் கோடை உழவு தொடங்குமுன் கூடும் சங்கக் கூட்டத்தில் இது பற்றியும் பேசி, யாவரும் ஒருமனப்பட்டு முடிவு செய்வது நலம்.