கருமுட்டையின் வாசலில் நிகழ்வது என்ன?

‘அறிக்கைகள் எல்லாம் சரியாக இருக்கின்றன என்கிறீர்கள்; பிறகு ஏன் இன்னும் கரு தங்கவில்லை?’ ஆழ்வார்குறிச்சியிலிருந்தும் கடையம், சிவசைலம் முதலிய சுற்றூர்களிலிருந்தும் எம்மிடம் வரும் தம்பதியர் பலர் இக்கேள்வியைக் கேட்கின்றனர். உடன் வரும் பெரியவர்களுள் சிலர், கேள்வி முடிவதற்குள் மருமகளின் முகத்தைப் பார்க்கின்றனர். அப்பார்வை எவ்வளவு தவறானது என்பதைக் கருத்தரிப்பின் முதல் கட்டத்தை அறிந்தாலே உணரலாம்.

கருமுட்டையின் குறுக்களவு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். அதனைச் சுற்றித் தெளிந்த உறை ஒன்று உண்டு. மருத்துவர்கள் இதனைச் ‘சோனா பெலூசிடா’ என்பர். மனிதக் கருமுட்டையில் இவ்வுறை, சர்க்கரைக் கண்ணிகள் கோத்த நான்கு வகைப் புரதங்களால் பின்னப்பட்டது. இசட்.பி.1, இசட்.பி.2, இசட்.பி.3, இசட்.பி.4 என்பன அவற்றின் பெயர்கள்.

உடலுறவின்போது கோடிக்கணக்கான விந்தணுக்கள் புறப்பட்டாலும், கருக்குழாயில் முட்டை காத்திருக்கும் இடத்தை அடைபவை சில நூறு மட்டுமே. புறப்பட்ட உடனே அவற்றால் முட்டையைக் கருவுறச் செய்ய இயலாது. பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் தங்கிப் பக்குவப்பட்ட பின்னரே அத்திறன் வாய்க்கிறது. இவ்வுண்மையை 1951ஆம் ஆண்டில் சாங், ஆஸ்டின் என்னும் இரு அறிஞர்கள் தனித்தனியே வெளியிட்டனர்.

பக்குவப்பட்ட விந்தணு உறையைத் தொட்டதும், அதன் தலைமேற்பரப்பிலுள்ள மூலக்கூறுகள் உறையின் புரதங்களோடு பொருந்துகின்றன. பூட்டும் திறவுகோலும் போன்றது இப்பொருத்தம். அதன் தூண்டுதலால் விந்தணுவின் தலையிலுள்ள சிறு பை திறந்து, உள்ளிருக்கும் நொதிகள் வெளிப்படுகின்றன. நொதிகளின் துணையாலும் வாலின் வேகமான துடிப்பாலும் விந்தணு உறையைத் துளைத்து உட்செல்கிறது.

இத்துறையில் நம் நாட்டின் பங்கும் உண்டு. புதுதில்லி தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனத்தில் சதீஷ் குமார் குப்தாவின் குழுவினர் மனித உறைப் புரதங்களை ஆய்வகத்தில் தனித்தனியே உருவாக்கி ஆராய்ந்தனர். எலியில் இசட்.பி.3 ஒன்றே விந்தணுவின் பையைத் திறக்கச் செய்கிறது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. மனிதரிலோ இசட்.பி.1, இசட்.பி.3, இசட்.பி.4 ஆகிய மூன்றும் அப்பணியைச் செய்ய வல்லவை என்றும், இசட்.பி.2 பெரும்பாலும் பை திறந்துவிட்ட விந்தணுவையே பற்றுகிறது என்றும் அவர்கள் காட்டினர்.

உறையைக் கடந்த பின் இன்னொரு பொருத்தமும் வேண்டும். விந்தணுவின் ‘இசுமோ’ என்னும் புரதம் 2005இலும், அதனை ஏற்கும் முட்டையின் ‘ஜூனோ’ என்னும் புரதம் 2014இலும் கண்டறியப்பட்டன. திருமண வரம் வேண்டி ஜப்பானியர் வழிபடும் ஒரு கோயிலின் பெயரே இசுமோ. ஒரு விந்தணு உட்புகுந்ததும் முட்டை ஒரு நொதியை வெளியிட்டு இசட்.பி.2ஐ வெட்டுகிறது. அதன்பின் வேறு விந்தணு எதுவும் உறையில் ஒட்டுவதில்லை. வாசல் அடைபடுகிறது.

இத்தனை படிகளுள் ஒன்று பிசகினாலும் கரு உண்டாகாது. பிசகு எப்பக்கமும் நேரலாம். விந்தணுக்களின் எண்ணிக்கையும் ஓட்டமும் நன்றாக இருந்தும் உறையைப் பற்றும் திறன் குறைந்திருக்கலாம். வழக்கமான விந்துப் பரிசோதனை அதனைக் காட்டாது. சில பெண்களின் முட்டைக்கு உறையே அமைவதில்லை. ஒரே குடும்பத்துப் பெண்கள் சிலரிடம் இதற்குக் காரணமான இசட்.பி.1 மரபணு மாற்றம் 2014இல் கண்டறியப்பட்டது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அம்மாற்றம் வந்தால்தான் குறை வெளிப்படும். எனவே உறவுக்குள் திருமணம் செய்த பெற்றோருக்குப் பிறந்தவர்கள் அதனை மருத்துவரிடம் தெரிவித்தல் நலம். இவை அரிய குறைகள். எவருடைய நடத்தையாலும் நேர்ந்தவை அல்ல.

இதற்கு வழி உண்டா என்று கேட்பீர்கள். சோதனைக்குழாய் முறையில் முட்டையும் விந்தணுவும் ஒன்றாக வைக்கப்பட்டும் கருவுறாதபோதுதான் இத்தகைய தடை பெரும்பாலும் புலப்படுகிறது. அந்நிலையில் ஒரே ஒரு விந்தணுவை நுண்ணூசியால் முட்டைக்குள் நேரே செலுத்தலாம். ‘இக்சி’ எனப்படும் இம்முறையால் உண்டான முதல் கருத்தரிப்புகள் 1992இல் பிரஸ்ஸல்ஸிலிருந்து அறிவிக்கப்பட்டன. உறையைத் துளைக்கும் வேலை விந்தணுவுக்கு இங்கே இல்லை. ஆயினும் இது அனைவருக்கும் பலன் தரும் என்று உறுதி கூற இயலாது, செலவும் மிகுதி.

ஆகவே தம்பதியரிடம் நாம் வேண்டுவன சில. மனைவிக்கு 35 வயதுக்குட்பட்டிருந்தால் ஓராண்டு முயன்ற பின்னும், அதற்கு மேற்பட்டிருந்தால் 6 மாதங்களிலும் ஆலோசனைக்கு வாருங்கள். கணவரும் முதல் நாளிலேயே உடன் வரவேண்டும். விந்துப் பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாள்கள் உறவு தவிர்த்திருக்க வேண்டும். செயற்கைக் கருத்தரிப்பு மையத்தை நாடுவதாயின், 2021ஆம் ஆண்டின் சட்டப்படி அது பதிவு பெற்றதா என்று கேட்டறியுங்கள்.

பெரியோர்களுக்கும் ஒரு சொல். கண்ணுக்குத் தெரியாத ஓர் உறையின் வாசலில் நிகழும் தடைக்கு மருமகளையோ மகனையோ பழிப்பது நியாயமன்று. இருவரையும் சேர்த்து அழைத்து வாருங்கள். காரணத்தைச் சேர்ந்தே தேடுவோம்.