பழைய பிக்கப்பில் ஏ.சி. பழுதா? கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால் காசு வீண்!

உசிலம்பட்டி, செல்லம்பட்டி, சேடபட்டி வட்டாரத்தில் மல்லிகை, காய்கறி சாகுபடி செய்யும் பலர், பழைய டீசல் பிக்கப் வண்டியைத்தான் நம்பி இருக்கிறார்கள். விடியும் முன் பறித்த பூவை மதுரை மாட்டுத்தாவணி சந்தையில் இறக்கிவிட்டு, ஊர் திரும்பும்போது வெயில் ஏறிவிடுகிறது. இரவு சரியாகத் தூங்காதவர், இன்ஜின் சூடும் வெயிலும் சேர்ந்து கொதிக்கும் கேபினில் உட்கார்ந்து தேனி ரோட்டில் ஓட்ட வேண்டும். கண் அசந்தால் விபத்துதான். பூ வண்டிக்கு ஏ.சி. ஆடம்பரம் அல்ல, பாதுகாப்பு.

மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களின் ஓட்டுநர் கேபினில் ஏ.சி. கட்டாயம் என மத்திய அரசு அறிவித்துள்ளது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் வண்டிகளுக்கு இது பொருந்தும். அந்த எடைக்குள் அடங்கும் பிக்கப்புக்கும், ஏற்கனவே ஓடும் பழைய வண்டிக்கும் இந்த விதி இல்லை. பொலிரோ கேம்பர், டாடா ஜெனான், இசுஸு டி-மேக்ஸ் போன்ற வண்டிகளில் ஏ.சி. வைத்திருப்பவர்கள், அதைத் தாங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

குளிர்ச்சி இல்லை என்றதும் பாகம் வாங்க ஓடாதீர்கள். ஏ.சி.யைப் போட்டதும் கம்ப்ரஸரின் முன்பகுதி 'டக்' என்று பிடித்துச் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றாவிட்டால் பியூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச், கிளட்ச் காயில் இவற்றில் ஒன்று போயிருக்கலாம். சின்ன செலவிலேயே வேலை முடிந்துவிடும்.

காஸ் குறைந்தாலும் கம்ப்ரஸர் சுற்றாது. பிரஷர் சுவிட்ச்தான் அதைத் தடுத்து நிறுத்துகிறது. அந்த சுவிட்சை ஒதுக்கிவிட்டு நேரடியாக ஒயர் கொடுத்து ஓட்டவே கூடாது. கம்ப்ரஸருக்கு வேண்டிய ஆயில் காஸோடு சேர்ந்துதான் சுற்றி வருகிறது. காஸ் இல்லாவிட்டால் ஆயிலும் வராது. கம்ப்ரஸர் உரசித் தேய்ந்து பிடித்துக்கொள்ளும்.

வண்டி ஓடும்போது குளிர்ந்து, நெரிசலில் நிற்கும்போது மட்டும் குளிர்ச்சி குறைந்தால், பேனைக் கவனியுங்கள். காற்றே குறைவாக வந்தால் பில்டரிலும் கூலிங் காயிலிலும் தூசி, வைக்கோல் துகள் அடைத்திருக்கும். இரண்டுக்கும் கம்ப்ரஸர் மாற்ற வேண்டியதில்லை.

காஸ் கசிவு இருந்தால், அந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதன் மேல் தூசியும் படிந்திருக்கும். டீசல் இன்ஜின் அதிர்வில் ரப்பர் ஹோஸின் இணைப்புகள் தளர்வது சகஜம். சோப்பு நுரை வைத்தோ, சாயம் கலந்து ஊதா விளக்கு அடித்தோ உறுதி செய்யலாம்.

கம்ப்ரஸரோடு எவற்றை மாற்ற வேண்டும்?

உடைந்த கம்ப்ரஸரிலிருந்து வரும் இரும்புப் பொடி, காஸோடு ஓடி கண்டன்சரில் போய்த் தங்குகிறது. கம்ப்ரஸரை மட்டும் புதிதாகப் போட்டால் அந்தப் பொடி திரும்பி வந்து அதையும் தின்றுவிடும். சில வாரங்களிலேயே மறுபடி செலவு. எனவே கீழ்க்கண்டவற்றைச் சேர்த்தே செய்யுங்கள்.

* ட்ரையர்: உள்ளிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் பாகம். சிஸ்டத்தைத் திறந்தாலே மாற்ற வேண்டும். புதியதன் மூடியைக் கடைசி நேரத்தில்தான் கழற்ற வேண்டும்; திறந்து வைத்தால் வெளிக்காற்றின் ஈரத்தையே உறிஞ்சி வீணாகிவிடும்.
* எக்ஸ்பான்ஷன் வால்வு: இதன் துவாரம் மிகச் சிறியது. பொடி அடைத்தால் கழுவிப் பயன் இல்லை, மாற்றுவதே நல்லது.
* கண்டன்சர்: பழைய குழாய் வகை என்றால் ப்ளஷ் செய்து பயன்படுத்தலாம். நுண்துளைகள் கொண்ட தட்டைக் குழாய் வகையில் பொடி முழுதாக வெளியேறாது, புதியது போடுங்கள்.
* ஓ ரிங்குகள்: கழற்றிய ஒவ்வொரு இணைப்புக்கும் புதியது. ஆர்-134ஏ காஸுக்கு உரியதையே கேட்டு வாங்குங்கள்.
* ஆயில்: பழைய கம்ப்ரஸரிலிருந்து வடித்த அளவைக் குறித்துக்கொண்டு, கம்ப்ரஸர் லேபிளில் சொன்ன வகையை மட்டும் ஊற்றச் சொல்லுங்கள். குறைந்தால் தேயும், அதிகமானால் குளிராது.

பழைய உதிரிபாகக் கடையில் கம்ப்ரஸர் வாங்குபவர்கள், அதன் வாய் மூடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கையால் சுற்றினால் தடங்கல் இல்லாமல் சுற்ற வேண்டும். உள்ளே உள்ள ஆயில் கருப்பாக, மினுமினுக்கும் பொடியோடு வந்தால் தொடவே வேண்டாம்.

வாக்குவம் போடாமல் காஸ் வேண்டாம்

அவசரத்தில் பலர் தவிர்ப்பது இந்த வேலையைத்தான். குழாய்க்குள் ஈரம் இருந்தால் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாக உறைந்து அடைக்கும். வாக்குவம் பம்ப் வைத்து உள்காற்றை உறிஞ்சி, கேஜில் 29 அங்குலம் வரை இறக்கினால், நம் ஊர் வெப்பத்திலேயே அந்த ஈரம் கொதித்து ஆவியாகி வெளியேறும். குறைந்தது 30 நிமிடம், முடிந்தால் 45 நிமிடம் ஓட விடுங்கள். பிறகு வால்வை மூடி 15 நிமிடம் காத்திருங்கள். முள் நகர்ந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று அர்த்தம். அதைச் சரி செய்யாமல் காஸ் ஏற்றாதீர்கள்.

காஸை உத்தேசமாக அடிக்காமல், பானெட்டில் ஒட்டியுள்ள லேபிளில் உள்ள கிராம் கணக்கில், தராசு வைத்து ஏற்ற வேண்டும். விலை மலிவு என்று சமையல் எரிவாயுவை ஏற்ற யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். கேபினுக்குள் கசிந்தால் ஒரு தீப்பொறி போதும்.

வேலை முடிந்ததும் தெர்மாமீட்டரை ஏ.சி. துவாரத்தில் வைத்துப் பாருங்கள். வெளியே 35 டிகிரி இருக்கும்போது 8 முதல் 12 டிகிரி வந்தால் நல்ல நிலை. கழற்றிய பழைய பாகங்களையும், எந்தெந்த பாகம் மாற்றப்பட்டது என்று எழுதிய பில்லையும் கேட்டு வாங்குங்கள்.

காற்றில் விட்டால் யாருக்கு நஷ்டம்?

கசிவை அடைக்காமல் ஆண்டுதோறும் காஸ் மட்டும் ஏற்றுவது பணத்துக்கும் கேடு, மழைக்கும் கேடு. ஆர்-134ஏ காஸ், கார்பன் டை ஆக்சைடைவிட 1,430 மடங்கு பூமியைச் சூடாக்கும் என்பது கிகாலி ஒப்பந்தத்தின் கணக்கு. அரை கிலோ காஸைத் திறந்துவிட்டால், சுமார் 265 லிட்டர் டீசலை எரித்த பாதிப்பு. 2021-ல் இந்தியா இந்த ஒப்பந்தத்தை ஏற்றது. இவ்வகை காஸ்களின் பயன்பாட்டை 2032 முதல் படிப்படியாகக் குறைத்து, 2047-க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். பாகத்தைக் கழற்றும் முன், காஸை மெஷினில் பிடித்துவைக்கும் பட்டறையைத் தேடிப் போங்கள்.

பராமரிப்பு

* பூ வரத்து குறையும் மாதங்களில் வண்டி சும்மா நின்றாலும், வாரம் ஒருமுறை 10 நிமிடம் ஏ.சி.யை ஓட விடுங்கள். ஆயில் சுற்றாவிட்டால் கம்ப்ரஸரின் சீல் காய்ந்து கசியும். டீசல் மிச்சம் பிடிக்க மாதக்கணக்கில் அணைத்து வைப்பவர்களுக்குத்தான் இந்தச் செலவு வருகிறது.
* கண்டன்சர், ரேடியேட்டருக்கு முன்னால் இருப்பதால் மண் ரோட்டுத் தூசியை முதலில் வாங்குவது அதுதான். மாதம் ஒருமுறை இன்ஜின் ஆறிய பிறகு, மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் பம்பின் வேகத்தில் அதன் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.
* வைக்கோல், தவிடு ஏற்றிய பிறகு கேபின் பில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள்.
* கோடை உச்சத்தில் பட்டறைகளில் கூட்டம் அதிகம். மல்லிகை வரத்து பெருகும் முன், மாசி மாதத்திலேயே வண்டியைக் காட்டிவிட்டால் சந்தைக்குப் போகும் நாள் எதுவும் தவறாது.